சிதறிய கற்களுக்கு ஒரு பட்டியல்

எழுத்துடைய கல் உடைந்தால் அதன் செய்தியில் பாதி போகிறது. அது கிடந்த இடமும் மறந்துபோனால் மீதியில் பெரும்பகுதி போகிறது. இந்த இரண்டாம் இழப்பைத் தடுப்பதே பட்டியலின் பணி.

ஏதென்சு நகரத்தார் தம் கூட்டணி நாடுகள் செலுத்திய திறையில் அறுபதில் ஒரு பங்கை அதீனா தெய்வத்துக்கு ஒதுக்கினர், கி.மு. 454 முதல் அக்கணக்கைப் பளிங்குக் கல்லில் பொறித்தனர். ஏறத்தாழ 180 துண்டுகளாகச் சிதறிய முதற்கல்லை அறிஞர்கள் ஒன்றுசேர்த்தனர். மெரிட், வேட்-கெரி, மெக்கிரெகர் ஆகிய மூவரும் 1939 முதல் 1953 வரை நான்கு தொகுதிகளாக அதனை வெளியிட்டனர். அழிந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் பகர அடைப்புக்குள் இடவேண்டும் என்பது 1931-இல் வகுக்கப்பட்ட லெய்டன் மரபு. கல்லில் உள்ளதும் அறிஞர் ஊகமும் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டில் இதற்கு ஒப்பாக அமராவதியைச் சொல்லலாம். 1845-இல் வால்டர் எலியட் அங்குள்ள பௌத்தத் தூபியை அகழ்ந்து, சிற்பங்களையும் எழுத்துடைய கற்களையும் சென்னைக்கு அனுப்பினார். சுண்ணாம்புக் கற்களேயாயினும் அவை ‘எலியட் பளிங்குகள்’ எனப் பெயர்பெற்றன. 1859-இல் 121 கற்கள் இலண்டனுக்குக் கப்பலேறின. அங்கே கேட்பாரற்றுக் கிடந்தவற்றை 1867-இல் பெர்குசன் கண்டெடுத்தார். 1880-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் ஆணைப்படி தூபி முழுவதும் தோண்டப்பட்டது. எந்தக் கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலானவற்றுக்கு இல்லை. ஆகவே தூபியின் அமைப்பு இன்றளவும் விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது.

சென்னையில் எஞ்சியவற்றுக்கு சி. சிவராமமூர்த்தி 1942-இல் விரிவான பட்டியல் அமைத்தார். எழுத்தமைதியையும் சிற்பநடையையும் கொண்டு காலம் பகுத்தார். இலண்டன் கற்களுக்கு ராபர்ட் நாக்சு 1992-இல் பட்டியல் வெளியிட்டார். ஒரே தூபியின் கற்கள் இன்று இவ்விரு நூல்களின் பக்கங்களில்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இவ்வுழைப்பால் நமக்கு என்ன பயன்? அமராவதிப் பிராகிருதக் கல்வெட்டு ஒன்று ‘தமிள’ கண்ஹன் என்பவன், தன் உடன்பிறந்தாரோடு சேர்ந்து மகாசைத்தியத்துக்குக் கல் அளித்த செய்தியைக் கூறுகிறது. ‘தமிள’ என்பது தமிழரைக் குறிப்பதாகவே அறிஞர் கொள்வர். கிருஷ்ணைக் கரையில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் நினைவை ஒற்றை வரி காத்து நிற்கிறது. லூடர்சு 1912-இல் வெளியிட்ட பிராமிக் கல்வெட்டுப் பட்டியல் போன்ற தொகுப்புகள் இல்லையேல் இவ்வரியை யார் தேடிப்போய்ப் படித்திருப்பர்?

இக்கேள்வி காவிரிப் படுகைக்கும் உரியது. வண்டல் நிலமாகிய இங்கே கருங்கல் வெளியிலிருந்து வரவேண்டும். ஆதலால் பழங்கல் மீண்டும் மீண்டும் பயன்பட்டது. 1836-இல் கீழணை கட்டுவதற்குக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிற்கற்களே பெயர்த்துச் செல்லப்பட்டன. கல்வெட்டுத் துண்டுகள் படிக்கட்டாகவும் தளவரிசையாகவும் தலைகீழாகவும் கிடப்பதற்கு இதுவே காரணம்.

பேராவூரணி போன்ற கடைமடை ஊர்களில் திருப்பணி தொடங்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எழுத்துடைய கல் எதுவாயினும் அசைப்பதற்கு முன்பே அது இருக்கும் இடம், நோக்கும் திசை, நீள அகலம் ஆகியவற்றைக் குறித்து, நிழற்படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். படிக்கத் தெரிந்தவர் பின்னர் வரலாம். இடம் பெயர்ந்த கல் தன் பழைய இடத்தைத் தானே சொல்லாது.