யாழை மீட்ட கணக்கு



நான் உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவில் படித்துக் கொண்டிருந்த காலம். மாலை வேளைகளில் வாசிகசாலையில் கவிதை நூல்களோடு அமர்ந்திருப்பேன். அதைக் கண்ட ஆசிரியர் ஒருவர், "கணக்குப் படிக்கிற உனக்கு இலக்கியம் எதற்கு? இரண்டு தோணியிலே கால் வைக்காதே" என்று கண்டித்தார். அன்றே என் கவிதைக் கொப்பியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சில மாதங்களின் பின் அதே வாசிகசாலையில் தடித்த நூலொன்றைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பின்னங்கள், அட்டவணைகள். அவற்றுக்கிடையே சிலப்பதிகார அடிகள். அது சுவாமி விபுலாநந்தரின் 'யாழ்நூல்'.

அந்நூல் எழுந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த மயில்வாகனன், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர், 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழ் மரபோடு வைத்து ஆராய்ந்த 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியர் என்ற பெருமை அவருக்கே உரியது.

இத்தனை துறைகளும் ஒரு கேள்வியிலே வந்து கூடின. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அடியார்க்கு நல்லார் உரையும் யாழைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. யாழோ வழக்கொழிந்துவிட்டது. அது எவ்வாறு ஒலித்திருக்கும்?

இதற்கு விடைகாண இலக்கணப் புலமை மாத்திரம் போதாது; இசைப்பயிற்சி மாத்திரமும் போதாது. இழுவிசை மாறாதிருக்க, நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஓசை ஒரு ஸ்தாயி உயரும். மூன்றில் இரண்டாக்கினால், குரல் எனும் முதற் சுரத்திலிருந்து ஐந்தாவதான இளி பிறக்கும். நான்கில் மூன்றாக்கினால் நான்காவதான உழை பிறக்கும். இது பௌதிகம். பழந்தமிழர் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நான்காம் நரம்பை நட்பு என்றும் உறவுமுறை வைத்து அழைத்தனர். இது தமிழ். உறவுப் பெயருக்குள்ளே ஒளிந்திருந்த விகிதத்தைக் காண இரண்டும் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

இத்துறையில் அவருக்கு முன்னோடியும் உண்டு. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

விபுலாநந்தர் 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ் இசை பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அதன் பின்னும் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். வில்யாழும் பேரியாழும் மகரயாழும் சகோடயாழும் செங்கோட்டியாழும் ஏட்டிலிருந்து எழுந்து வடிவு கொண்டன. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே நூல் அரங்கேறியது. ஆறு வாரங்கள் கழிந்து, ஜூலை 19இல் அடிகளார் மறைந்தார்.

கணக்குப் போட்டதால் அவரது கவியுள்ளம் வறண்டுவிடவில்லை. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களை 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' எனப் பாடியவரும் அவரே. ஓசையை அளக்கத் தெரிந்த செவிதான் அந்த நீரோசையிலும் இசையைக் கேட்டது.

பல துறைகளைக் கற்றவர் எல்லோரும் படைப்பாளிகள் ஆகிவிடுவதில்லை. செய்திகளைச் சேர்ப்பது களஞ்சியம் நிரப்புவது போன்றது. விதைத்தால்தான் விளையும். மனத்தை விடாது அரிக்கும் ஒரு கேள்வியே அந்த வயல். அடிகளாருக்கு அது யாழாக இருந்தது.

இன்று 'யாழ்நூல்' பெரிதும் பெயரளவில் போற்றப்படும் நூலாகவே இருக்கிறது. இசை பயில்வோர் கணக்கைக் கண்டு அஞ்சுகின்றனர். கணிதம் பயில்வோர் தமிழைக் கண்டு ஒதுங்குகின்றனர். பதினாறு வயதிலேயே பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக்கிவிட்டு, இன்னொரு விபுலாநந்தர் வரவில்லையே என்று ஏங்குவதில் நியாயமுண்டா?

என் ஆசிரியரில் எனக்குக் கோபமில்லை. ஆனால், அன்று பூட்டிய கொப்பியை அந்த நூலைப் படித்த இரவிலேயே மீண்டும் எடுத்தேன். நான் இரண்டு தோணியில் நிற்கவில்லை. ஒரே தோணியை இரு துடுப்பால் வலிக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.