இரத்தாம்பரமும் முட்சங்கும்

லீதியாளைப் பற்றி அருளுரை ஆற்றும்போது (அப். 16:14) இரத்தாம்பரம் என்னும் சொல்லை நாம் நில்லாமலே கடந்துவிடுகிறோம். ஆலங்குளம் வட்டாரச் சபையார் அதைச் சிவப்புப் பட்டு என்றே எண்ணிக்கொள்வர். சொல்லும் அவ்வாறே ஒலிக்கிறது. மூலமொழியாகிய கிரேக்கத்திலோ அச்சொல் ஒரு கடல் நத்தையையும், அதன் சாயத்தையும், அச்சாயம் தோய்ந்த ஆடையையும் ஒருங்கே குறிக்கும்.

அந்நத்தை ஓடெங்கும் முள் நிறைந்த சங்கினம். பிற சிப்பிகளின் ஓட்டைத் துளைத்துத் தின்னும் இயல்பினது. இதன் இனத்தவை நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. தூத்துக்குடி முத்துச்சிப்பிப் பண்ணையில் இவையே சிப்பிகளுக்குச் சத்துருக்களெனக் கண்டறியப்பட்டன. தீரு, சீதோன் பட்டணத்தார் மத்தியதரைக்கடல் நத்தையின் உடலிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து சாயம் எடுத்தனர். நிறமற்று வெளிவரும் அந்நீர், காற்றும் வெயிலும் பட்டுப் பசுமையாகி, நீலமாகி, முடிவில் ஊதாவாகும். 1909ஆம் ஆண்டில் பிரீட்லெண்டர் என்னும் வேதியியல் அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து பெற்றது 1.4 கிராம் சாயமே. விலைக்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை. சாயப்பட்டறைகள் மலிந்த தீரு குடியிருக்க இனிய ஊரன்று என்று ஸ்திராபோ எழுதிவைத்தார், நாற்றம் அத்தகையது.

ஆயினும் லீதியாள் விற்றது இச்சாயம் ஏற்றியதுதானா? அவள் ஊராகிய தியத்தீரா உள்நாட்டுப் பட்டணம். இது மட்டும் மறுப்பாகாது. கடலுக்கு எட்டிய நம் வெம்பக்கோட்டை மேட்டிலும் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்கள் வெளிப்பட்டன அல்லவா? தியத்தீராவில் சாயக்காரர் சங்கம் இருந்தமை கல்வெட்டுகளால் உறுதி. ஆனால் அவர்கள் மஞ்சிட்டி இனத்து வேரினின்றே சிவப்பு எடுத்தனர் என ஆய்வாளர் பலர் கருதுவர். இராமநாதபுரக் கரையோரத்தில் சாயவேர் தோண்டித் துணிக்குச் சிவப்பேற்றிய நம் முன்னோரை நினைத்தால் இது எளிதில் விளங்கும்; சாயவேரும் மஞ்சிட்டியும் ஒரே தாவரக் குடும்பத்தன. வேர்ச்சாயத் துணியும் இரத்தாம்பரம் என்றே விலைபோயிருக்கலாம். நமக்கு இக்கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

எனவே லீதியாளைப் பெருஞ்செல்வியாக்கி, செல்வந்தரால் சபைக்கு விளையும் நன்மைகளை விரித்துரைக்கும் அருளுரைகளுக்கு அடித்தளம் உறுதியன்று. நாமும் அவ்வாறு பேசியதுண்டு. லூக்கா கூறுவன சிலவே: அவளுக்கு வீடும் வீட்டாரும் இருந்தனர், ஊழியரைத் தன் வீட்டில் தங்கும்படி வருந்தி அழைத்தாள். ஐசுவரியவானுக்கு (லூக். 16:19) இரத்தாம்பரத்தை உடுத்திக் காட்டும் அதே லூக்கா, லீதியாளை அதை விற்றவளாகவே காட்டுகிறார், உடுத்தியவளாக அன்று.