மிளகுக்கும் கதிர், பைக்கும் கதிர்

கலகெதரயில் மிளகு வாங்கி விற்கும் நானா ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையை நீட்டினார். காமாக் கதிர் பாய்ச்சி, மாதிரிக்கென எடுத்து வைத்து மாதங்கள் பல கடந்த சரக்கு. மிளகின் மணத்தில் குறை தெரியவில்லை. கண்ணாடிபோல் தெளிந்த பையின் மடிப்பை அழுத்தியதும் அது சடசடவென்று கீறிவிட்டது.

"கதிர் அடிச்சது மிளகுக்குத்தானே சேர், பை ஏன் உடையுது?" என்றார்.

அவருடைய முன்னோர் பொதிமாடு ஓட்டியவர்கள். கண்டி மன்னர் காலத்தில் 'மடிகே பத்த' எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் பணியாற்றினர். பின்னர் சணல் சாக்கு வந்தது, அதன்பின் பிளாஸ்டிக். சாக்கைப் பற்றி எவரும் விஞ்ஞானியிடம் கேட்கவேண்டி இருக்கவில்லை.

வாசனைத் திரவியங்களின் கிருமிகளைக் கொல்ல முன்பு எதிலீன் ஒக்சைட் வாயுவே பெரிதும் பயன்பட்டது. ஐரோப்பா 1991இல் அதனைத் தடைசெய்தது. கதிர்வீச்சின் பக்கம் வணிகர் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் நவி மும்பையின் வாஷியில் 2000ஆம் ஆண்டிலும், நம் நாட்டில் பியகமவில் 2014ஆம் ஆண்டிலும் அரசாங்கக் கதிர்வீச்சு நிலையங்கள் அமைந்தன.

இம்முறையின் சிறப்பே, சரக்கைப் பொதிசெய்து மூடிய பின்னர் கதிர் பாய்ச்சுவதுதான். திறக்கும்வரை புதிய கிருமி நுழையாது. ஆனால் மிளகு வாங்கும் கதிரைப் பையும் வாங்குகிறது.

பை என்ன ஆகும் என்பது அதன் குலத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி 1952இல் வெளியிட்ட ஆய்வு, கதிர் பட்ட பொலித்தீனின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாவதைக் காட்டியது. பொலிபுரொப்பிலீனில் சங்கிலி அறுபடுதல் மேலோங்குகிறது. அத்தோடும் முடிவதில்லை: உள்ளே எஞ்சும் தனியுறுப்புகள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். நேற்று நன்றாயிருந்த பை இன்று நொறுங்குவது இதனாலேயே. பொலிஸ்டைரீன் தன் பென்சீன் வளையத்தால் தாக்குப்பிடிக்கும், பி.வி.சி. மஞ்சளாகும்.

உடைவது கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ஒட்சியேற்றத் தடுப்பிகள் சிதைந்து உண்டாகும் சிறு மூலக்கூறுகள் தெரியா. அவை உணவுக்குள் கசியக்கூடும். என் மனத்தை உறுத்துவது இதுதான். 1980இல் ஐ.நா. அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு, 10 கிலோகிரே வரை கதிரேற்றிய உணவு தீங்கற்றது என்றது. அத்தீர்ப்பு உணவுக்கானது. பொதியுறைகளுக்கான அமெரிக்க அனுமதிப் பட்டியலில் பெரும்பாலானவை 1960களில் சேர்ந்தவை; இன்றைய பைகளின் சேர்மானங்கள் பலவும் அன்று புழக்கத்தில் இல்லை. பின்னர் வந்தவற்றைத் தனித்தனியே பரிசோதித்து அனுமதிக்க வேண்டியதாயிற்று. கசிவு பெரும்பாலும் மிகச் சொற்பமே என்பதையும் சொல்லவேண்டும். அச்சமூட்டுவது என் நோக்கமன்று.

நானாவிடம் முக்கோணக் குறிக்குள் உள்ள இலக்கத்தைப் பார்க்கச் சொன்னேன்: 2 அல்லது 4 என்றால் பொலித்தீன், 5 என்றால் பொலிபுரொப்பிலீன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் எந்த இலக்கமும் இல்லை.