குளிர்ந்த அறையின் கணக்கு: பிரிட்டன் வீடுகளில் அறைவாரி வெப்பமூட்டலின் வரலாறு

முன்னுரை

ஆள் புழங்கும் அறையை மட்டும் சூடாக்கி, மற்ற அறைகளைக் குளிரவிடுவது எரிசக்தியைச் சேமிக்கும் எளிய வழியாக இன்று பரிந்துரைக்கப்படுகிறது. பிரிட்டனைப் பொறுத்தவரை இது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்குள்ள பெரும்பாலான குடும்பங்கள் குளிர்காலத்தை ஒரே அறையில்தான் கழித்தன. பின்னர் வீடு முழுவதும் சூடானது. இப்போது வால்வுகளும் உணரிகளும் துணைநிற்க, மீண்டும் சில அறைகளுக்கு மட்டும் வெப்பம் தரும் முயற்சி நடக்கிறது. இந்த மூன்று கட்டங்களையும் இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. அறைவாரி வெப்பமூட்டல் எப்போது சிக்கனம், எப்போது வறுமை என்ற கேள்விக்கு விடை சூடான அறையில் இல்லை. சூடேற்றாத அறை எந்த அளவுக்குக் குளிர்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணப்பும் புகைபோக்கியும்

இடைக்கால இங்கிலாந்து வீட்டில் கூடத்தின் நடுவே தரையில் திறந்த கணப்பு எரிந்தது. புகை கூரையின் திறப்பு வழியே வெளியேறியது. ஒரே தீயைச் சுற்றி வீட்டார் எல்லாரும் கூடியதால், எந்த அறையைச் சூடாக்குவது என்ற கேள்வியே எழவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கிகள் பரவியதும் நிலைமை மாறியது. ஊரெங்கும் புதிதாக எழும்பிய புகைபோக்கிகளை வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளியான தம் இங்கிலாந்து வருணனையில் பதிவுசெய்தார். கூடம் அறைகளாகப் பிரிந்தது. அறைக்கொரு கணப்பு வைக்க முடிந்தது.

அறைக்கொரு கணப்பு என்பது செல்வத்தின் அடையாளமும் ஆயிற்று. 1662இல் இரண்டாம் சார்லஸ் ஆட்சி விதித்த கணப்பு வரி, ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் கேட்டது. வரி அலுவலர்கள் வீட்டுக்குள் நுழைந்து கணப்புகளை எண்ணியதால் மக்கள் இதைக் கடுமையாக வெறுத்தார்கள். 1689இல் வரி நீக்கப்பட்டது. எந்த வீட்டில் எத்தனை அறைகளைச் சூடாக்க முடிந்தது என்பதை அந்த வரிப் பதிவேடுகள் வழியே இன்றும் அறியலாம். ஒரே கணப்புள்ள வீடுகள் அவற்றில் வரிசை வரிசையாக வருகின்றன.

நிலக்கரிக் காலத்து ஒற்றை அறை

திறந்த கணப்பில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். இந்த இழப்பைக் குறைக்க, ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன் 1796இல் ஒரு திருத்தம் சொன்னார்: கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையை இறுக்க வேண்டும். வெப்பம் அறைப்பக்கம் திரும்பியது. ஆனாலும் கரியை வாங்கி, சுமந்து, சாம்பலை அள்ளும் உழைப்பு குறையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்க்கை சமையலடுப்பு எரிந்த அறையைச் சுற்றியே சுழன்றது. 112 பவுண்டு எடையுள்ள சாக்குகளில் கரி வந்து இறங்கும். விடியற்காலையில் வீட்டுப் பெண்கள் முதல்நாள் சாம்பலை வாரி, கசக்கிய செய்தித்தாளின் மேல் சிராய்களை அடுக்கி, அதன்மேல் கரித்துண்டுகளை வைத்துப் பற்றவைப்பார்கள். தீ பிடிக்காவிட்டால் கணப்பு வாயை ஒரு தாளால் மறைத்துக் காற்றை இழுக்கவைப்பார்கள். அந்த அறையில்தான் சமையல், சாப்பாடு, துணி உலர்த்தல், தகரத் தொட்டியில் குளியல் எல்லாம். மாடிப் படுக்கையறைகளிலும் சிறு கணப்புகள் இருந்தன. ஆனால் பிரசவமோ கடும் நோயோ வந்தால்தான் அவற்றில் தீ மூட்டுவார்கள். மற்ற இரவுகளில் துணி சுற்றிய சுடுகல்லோ வெந்நீர்க் குப்பியோதான் படுக்கைக்குச் சூடு. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்திருக்கும்.

இதைச் சிக்கனம் என்று எவரும் அன்று சொல்லவில்லை. வேறு வழியில்லாத ஏற்பாடு அது. எனினும், வெப்பம் ஆளுக்குத்தான், சுவருக்கன்று என்ற புரிதல் அந்த வாழ்க்கையில் நிலைபெற்றிருந்தது.

புகைமூட்டத்திலிருந்து மைய வெப்பமூட்டலுக்கு

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டம் வீட்டுக் கணப்புகளின் விலையைக் காட்டியது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை கொண்டுசென்றன. 1956இன் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. திறந்த கணப்பின் முடிவு அங்கே தொடங்கியது.

அடுத்த திருப்பம், வீடுகளின் தரம் குறித்து ஓர் அரசுக் குழு அளித்த 1961இன் பார்க்கர் மாரிஸ் அறிக்கை. வெளியே 30 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் நிலவும்போது வசிப்பறை 65 டிகிரியிலும் (18 செல்சியஸ்), சமையலறையும் நடைவழியும் 55 டிகிரியிலும் (13 செல்சியஸ்) இருக்கவேண்டும் என்று அது வகுத்தது. வீட்டின் எல்லா இடமும் குளிர்காலத்திலும் பயன்படவேண்டும், பிள்ளைகள் தனியே அமர்ந்து படிக்க இடம் வேண்டும் என்ற சமூக நோக்கு அதன் பின்னணி. இந்தத் தரத்தை நான் சிறப்பாகக் கருதுகிறேன். எல்லா அறைக்கும் ஒரே சூடு என்று அது கேட்கவில்லை. குளிர்ச்சிக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்றது.

1965இல் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் பத்தாண்டுகளில் நாட்டின் எரிவாயுக் கருவிகள் அனைத்தும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. பாய்லரும் ரேடியேட்டரும் வீடுவீடாகப் பரவின. 1972இல் 37 விழுக்காடு வீடுகளில் இருந்த மைய வெப்பமூட்டல் 2002இல் 93 விழுக்காட்டை எட்டியது. குளிர்காலத்தில் வீடுகளின் சராசரி உள்வெப்பம் 1970இல் சுமார் 12 டிகிரி செல்சியஸ் என்றும், நாற்பதாண்டுகளில் 17 டிகிரியைத் தாண்டியது என்றும் மாதிரிக் கணக்கீடுகள் காட்டுகின்றன. மேம்பட்ட பாய்லரும் இரட்டைக் கண்ணாடியும் சுவர்க் காப்பும் தந்த சேமிப்பில் ஒரு பகுதியை இந்த வசதி எடுத்துக்கொண்டது.

நெருக்கடியும் வால்வும்

1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடியும் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து வந்தன. வீட்டில் ஓர் அறையை மட்டும் சூடாக்குமாறு எட்வர்ட் ஹீத் அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. தலைமுறைகளாகத் தப்பிக்க முயன்ற நிலைக்கே திரும்பச் சொன்ன வேண்டுகோள் அது.

இதற்கான கருவி டென்மார்க்கில் முன்பே உருவாகியிருந்தது. டான்ஃபாஸ் நிறுவனம் 1940களில் உருவாக்கிய வெப்பச்சீர் வால்வு, அறை சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரைத் தானே குறைத்தது. தலைப்பகுதிக்குள் அடைத்த பொருள் சூட்டில் விரிந்து வால்வை மூடும். அறை குளிர்ந்தால் சுருங்கித் திறக்கும். மின்சாரம் தேவையில்லை. இங்கிலாந்தின் கட்டட விதிகள் 2000களில் புதிய வீடுகளை வெப்ப மண்டலங்களாகப் பிரிக்கக் கோரின. 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடுகளில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் நேரமும் வெப்பமும் தனித்தனியே அமைய வேண்டும் என்றன.

அளந்து கண்டவை

சேமிப்பு எவ்வளவு என்பதை லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரடியாக அளந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். 1930களில் கட்டிய, புதுப்பிக்கப்படாத ஒரே மாதிரியான இரு வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஆட்கள் வசிப்பது போன்ற சூழலைக் கருவிகளால் இரண்டிலும் உண்டாக்கினார்கள். ஒன்றில் வழக்கமான கட்டுப்பாடு. மற்றதில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் அந்தந்த அறைக்குச் சூடு. எட்டு வாரக் குளிர்காலச் சோதனையில் அறைவாரி முறை 11.8 விழுக்காடு எரிவாயுவைச் சேமித்தது. பாய்லரின் திறன் 2.4 விழுக்காட்டுப் புள்ளி குறைந்த பிறகும் கிடைத்த சேமிப்பு இது.

பாதி வீட்டைச் சூடாக்காவிட்டால் பாதிச் செலவு மிச்சம் என்று எதிர்பார்ப்பவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். உட்சுவர்களுக்குக் காப்பு கிடையாது என்பதே முக்கியக் காரணம். 20 டிகிரி வசிப்பறையிலிருந்து 12 டிகிரிப் படுக்கையறைக்கு வெப்பம் சுவர், கதவு, தளம் வழியே ஓயாமல் நகர்கிறது, அங்கிருந்து வெளியேறுகிறது. நன்கு காப்பிட்ட வீட்டில் அறைகளுக்கிடையே வெப்ப வேறுபாடே குறைவு என்பதால், பிரித்துச் சூடாக்குவதன் பயனும் குறைவு. மின்சாரத்தால் இயங்கும் ஹீட் பம்ப் பொருத்திய வீடுகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மிதமான சூட்டு நீரைப் பல ரேடியேட்டர்களில் நெடுநேரம் ஓடவிடும்போதுதான் அது சிறப்பாக இயங்கும். பல அறைகளை அடைத்தால் மற்றவற்றுக்கு அதிகச் சூட்டில் நீர் அனுப்ப நேர்ந்து, மின்செலவு ஏறக்கூடும்.

குளிர்ந்த அறையின் விலை

20 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவரைத் தொட்டால் நீராக வடியும். சமையலிலும் துணி உலர்த்தலிலும் மூச்சிலும் எழும் ஈரம் திறந்த கதவு வழியே குளிர்ந்த படுக்கையறைக்குப் போய், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணமாகப் படர்கிறது. நிலக்கரிக் காலத்தில் புகைபோக்கி அறைக்காற்றை ஓயாமல் இழுத்ததால் ஈரமும் கூடவே வெளியேறியது. புகைபோக்கியை அடைத்து, ஜன்னல்களை இறுக்கிய இன்றைய வீட்டில் அந்த வழி இல்லை. பழைய வழக்கத்தைப் புதிய வீட்டில் அப்படியே பின்பற்ற முடியாததன் காரணம் இதுவே.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர்நாட்டு வீடுகளுக்கு 18 டிகிரியைப் பாதுகாப்பான குறைந்த அளவாகப் பரிந்துரைத்தது. பிரிட்டன் அரசு 2001இல் எரிபொருள் வறுமையை வரையறுத்தபோது வசிப்பறைக்கு 21, மற்ற அறைகளுக்கு 18 டிகிரி என்று வைத்தது; அந்தச் சூட்டைப் பேண வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் செலவிட நேர்வோர் எரிபொருள் வறியோர் ஆனார்கள். 2022 அக்டோபரில், சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திச் செலவு 2,500 பவுண்டு அளவில் நிற்கும்படி அரசு விலையைக் கட்டுப்படுத்திய பின்னும் பலர் ஓர் அறைக்குள் ஒடுங்கினார்கள். நூலகங்களும் தேவாலயங்களும் கதகதப்பான பொது இடங்களாகத் திறக்கப்பட்டன. வீட்டில் ஓர் அறையைக்கூடச் சூடாக்க இயலாதவர்கள் அங்கே வந்து அமர்ந்தார்கள்.

முடிவுரை

ஒரே அறையைச் சூடாக்கும் செயல் 1880இலும் 1973இலும் 2022இலும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. பொருள் வேறு. ஆளில்லாத அறையை 16 டிகிரிக்கு இறக்கி, கதவைச் சாத்தி, ஈரக்காற்றை வெளியேற்றுபவர் சிக்கனம் செய்கிறார். பணமில்லாமல் குழந்தையின் படுக்கையறையை 10 டிகிரியில் விடுபவர் இழப்பைச் சுமக்கிறார். இரண்டையும் ஒரே அறிவுரைக்குள் அடக்குவது தவறு. முதலில் சுவருக்கும் கூரைக்கும் காப்பு, அடுத்துக் காற்றோட்டம், அதன் பிறகே அறைவாரி வால்வு என்ற வரிசையை அரசும் வீட்டுரிமையாளரும் கடைப்பிடிக்க வேண்டும். பார்க்கர் மாரிஸ் குழு அறுபதாண்டுகளுக்கு முன் கேட்ட அடித்தள வெப்பம் எல்லா வீட்டுக்கும் உறுதியான பிறகு, அதற்கு மேலே எந்த அறைக்கு எவ்வளவு சூடு என்பதைக் குடும்பமே முடிவுசெய்யலாம்.