ஒரே வீடு, பல அடுப்பு

நியூ ஜெர்ஸியில் 2019-இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு பட்ஜெட், சேமிப்பு, கடன், இன்சூரன்ஸ் எல்லாம் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்று. எண்ணம் பழையதுதான். 1885-லேயே நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் ஜான் ஹென்றி தியரி என்பவர் பள்ளிக்கூடத்தில் சேமிப்பு வங்கி தொடங்கினார். பிள்ளைகள் கொண்டுவரும் பென்னிகளை வாத்தியார் வாங்கிக் கணக்கு எழுதுவார்.

தமிழ்நாட்டில் ஒரு பகுதியில் இந்த வேலையை வீடே செய்தது. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டைத்தான் சொல்கிறேன். அங்கே வாழும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நூறு வருடத்துக்கு முன் இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் தாண்டிப் போய்க் கடன் கொடுக்கும் தொழில் நடத்தினார்கள்.

பையன்கள் முதலில் எண்சுவடியை மனப்பாடம் செய்ய வேண்டும். நம் டைம்ஸ் டேபிள் போலத்தான், ஆனால் பின்னங்களும் சேர்ந்தது. மாகாணி என்றால் 1/16, மா என்றால் 1/20, முந்திரி என்றால் 1/320. (பாயசத்தில் போடும் முந்திரி இல்லை!) வட்டி கணக்கிட இந்தப் பொடிப் பின்னங்கள் வேண்டும். அப்புறம் மீசை முளைக்காத வயதிலேயே ஒரு கடையில் 'பெட்டியடிப் பையன்' வேலை. பணப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டே பெரியவர்கள் பேரம் பேசுவதையும் பேரேடு எழுதுவதையும் பார்த்துக் கற்றுக்கொள்வான். இதை நான் கொண்டாடவில்லை. அந்த வயதுப் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது 'வேறு வைத்தல்' என்ற வழக்கம். செட்டிநாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பர்மா தேக்குத் தூண்கள், முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். அதில் கூட்டுக் குடும்பம் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் (அந்தக் காலத்தில் பதின்பருவத்திலேயே ஆகிவிடும்) அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுப்பார்கள். அதற்குள் அந்த இளம் தம்பதி குடித்தனம் நடத்த வேண்டும். அப்பா பெரும் பணக்காரராக இருந்தாலும் இதுதான் முறை. பெண்கள் கொண்டுவந்த சீதனமும் கணவன் சொத்தோடு கலக்காது. அதைத் தனிக் கணக்கில் வட்டிக்கு விட்டு வளர்த்த ஆச்சிகள் நிறையப் பேர்.

என் வீட்டில் வாரம் ஐந்து டாலர் அலவன்ஸ் கிடைத்தது. வீட்டுக் கடன் எவ்வளவு, மாதம் என்ன கட்டுகிறோம் என்பது நான் கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. "அதெல்லாம் உனக்கு எதுக்குக் கண்ணா" என்பார் அம்மா. உங்கள் வீட்டிலும் இந்த வசனம் இருக்கும். செட்டிநாட்டில் தம்பதிக்குக் கொடுத்தது கைச்செலவுக் காசு இல்லை, ஒரு குடும்பத்தின் முழு வருடம். தீர்ந்துபோனால் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பேரேட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது நிலம் அல்ல, கொடுத்த பணம்தான் என்பதும் உண்மை. ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அதில் என்ன ஆறுதல்? வட்டியை முந்திரி வரை கணக்கிடப் பழகிய பையன், அதைக் கட்டுபவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்கப் பழகினானா என்பது எந்தச் சுவடியிலும் இல்லை.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள், செட்டியார் கடைக்காரர்களும் அவர்களில் உண்டு. 1948-இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. பேரேட்டில் வரவேண்டியதாக எழுதியிருந்த பெரும் தொகைகள் கடைசிவரை வரவே இல்லை.