ஒரு தூண்டில் நரம்புக்கு 11 ஆயிரம் ரூபாயா? ஃப்ளை ஃபிஷிங் லைன்... கொடுக்கிற காசுக்கு மதிப்பு இருக்கா?

அமெரிக்காவில் மீன்பிடி சாமான் விற்கும் கடைக்குப் போனால், ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றின் விலை சுமார் 50 டாலர். இன்னொன்று சுமார் 130 டாலர், அதாவது 11 ஆயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டுக்குள்ளும் இருப்பது ஃப்ளை ஃபிஷிங் லைன் எனப்படும் தூண்டில் நரம்புதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்தக் கூடுதல் காசு வீணா, தேவையா? பார்க்கலாம்.

நரம்புக்கு ஏன் இத்தனை மவுசு?

நம்ம ஊர் குளத்தில் தங்கூசியில் முள்ளைக் கட்டி, மண்புழு கோத்து, ஈயக்குண்டு போட்டு வீசுவார்கள். ஈயத்தின் எடைதான் முன்னால் பறந்து நரம்பை இழுத்துக்கொண்டு போகும்.

ஃப்ளை ஃபிஷிங்கில் இது அப்படியே தலைகீழ். முள்ளின் மேல் இறகு, நூல், ரோமம் வைத்துக் கட்டி, பூச்சி போலவே செய்த ஒரு பொய் இரைதான் 'ஃப்ளை'. அதற்கு எடை என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் இல்லை. கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் வீசுவதற்கான எடையை நரம்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். சுமார் 27 மீட்டர் நீளமுள்ள தடித்த நரம்பு காற்றில் சுருள் விரிவதுபோல் விரிந்து, நுனியில் இருக்கும் ஃப்ளையைக் கொண்டுபோய் தண்ணீரில் மெதுவாக இறக்கும். கம்பு எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் நரம்பு மோசம் என்றால் வேலைக்கு ஆகாது.

காசு எங்கே போகிறது?

அந்தக் காலத்தில் பட்டு நூலில்தான் இந்த நரம்பைச் செய்தார்கள். மிதக்க வேண்டும் என்றால் கொழுப்பு தடவ வேண்டும். மீன் பிடித்து முடித்ததும் பிரித்துக் காயப் போட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் பூச்சு வந்தது. 1945-ல் மிச்சிகன் மாநிலத்தின் மிட்லேண்ட் நகரில் தொடங்கிய சயின்டிஃபிக் ஆங்லர்ஸ், இந்த மாற்றத்தில் முன்னால் நின்ற நிறுவனங்களில் ஒன்று.

இன்றைய நரம்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. உள்ளே நைலான் இழை. வெளியே பெரும்பாலும் பி.வி.சி பூச்சு. மிதக்கும் வகை என்றால் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கண்ணாடி மணிகளைக் கலப்பார்கள். மூழ்கும் வகை என்றால் டங்ஸ்டன் பொடி.

விலை ஏற ஏற வழுக்கும் பொருள் கலந்த பூச்சு, சொரசொரப்பான மேற்பரப்பு, அதிகம் இழுபடாத உள் இழை எல்லாம் சேரும். சொரசொரப்பான நரம்பு, கம்பின் வளையங்களில் முழுசாக ஒட்டாமல் உரசிப் போவதால் தூரம் கூடும் என்பது கணக்கு. ஆனால் வீசும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும், விரலும் எரியும்.

பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நரம்பின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து எண் கொடுப்பதுதான் அமெரிக்கத் தொழில்துறையின் அளவுமுறை. 5-ம் எண் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 6-ம் எண் என்றால் 160 கிரெய்ன்.

ஆனால் இப்போது வரும் பல நரம்புகளில் பெட்டி மேல் 5 என்று இருக்கும், எடை அரை எண் அல்லது ஒரு எண் கூடுதலாக இருக்கும். விறைப்பான புதுக் கம்புகளை எளிதில் வளைக்க வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். விலை உயர்ந்த நரம்பைப் போட்டதும் "அடடா, சும்மா பறக்குதே" என்று தோன்றுவதற்கு இந்தக் கூடுதல் எடையே காரணமாக இருக்கலாம். அதே எடையில் பாதி விலைக்கும் நரம்பு கிடைக்கும். எனவே எண்ணைவிட, கிரெய்ன் எவ்வளவு என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

யாருக்குத் தேவை?

புதிதாகக் கற்பவர்கள், சின்ன ஆற்றில் ட்ரவுட் பிடிப்பவர்கள் பெரும்பாலும் 10, 12 மீட்டர் தூரம்தான் வீசுவார்கள். இவர்களுக்கு 50 முதல் 80 டாலர் நரம்பே தாராளம். அதற்காக பெயர் தெரியாத 15 டாலர் சரக்கையும் வாங்க வேண்டாம். அது சுருண்ட சுருள் விரியாமல் உயிரை வாங்கும், சீக்கிரம் வெடித்தும் போகும்.

கடல் மீன் பிடிப்பவர்கள் கதை வேறு. ஃப்ளோரிடா, பஹாமாஸ் வெயிலில், குளிர்ந்த ஆற்றுக்குச் செய்த நரம்பு இளகித் துவண்டுவிடும். அங்கே வெப்பத்தைத் தாங்கும் விறைப்பான நரம்பு கட்டாயம். அதையே குளிர் ஆற்றுக்குக் கொண்டுபோனால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். காற்றை எதிர்த்து தூரமாக வீச வேண்டிய இந்த இடத்தில் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 130 டாலர் நரம்பை 100 நாள் பயன்படுத்தினால் ஒரு நாளுக்கு 1.30 டாலர். பத்தே நாள் போய்விட்டு மூலையில் போட்டால் ஒரு நாளுக்கு 13 டாலர்!

ஆயுளைக் கூட்டுவது எப்படி?

* சன்ஸ்கிரீன், கொசு விரட்டி தடவிய கையால் தொடக் கூடாது. பூச்சு கெட்டுவிடும்.
* வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது.
* காலில் மிதிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* அவ்வப்போது மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். அழுக்குப் படிந்தால் எந்த நரம்பும் சரியாக மிதக்காது, வழுக்கவும் செய்யாது.
* நடுவில் தடித்து இரு முனையும் ஒரே மாதிரி மெலியும் 'டபுள் டேப்பர்' வகையை, ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு காசில் இரண்டு நரம்பு!

மொத்தத்தில், சுத்தமாகப் பராமரித்த 60 டாலர் நரம்பு, அழுக்கேறிய 130 டாலர் நரம்பைவிட நன்றாகவே பறக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மிச்சமாகும் காசை வீசக் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் கொடுத்தால், அதுதான் உண்மையில் தூரத்தைக் கூட்டும்.