எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் பேரப்பிள்ளைக்கு வாசிப்பைப் பழக்கலாம்! எப்படி?

"எனக்கே படிக்கத் தெரியாது, புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" பீடி சுற்றியோ வயல் வேலைக்குப் போயோ பிள்ளைகளை வளர்க்கும் பல நெல்லை வீடுகளில் இருக்கும் தயக்கம் இது. ஆனால் வாசிப்பு ஆர்வம் பாடப்புத்தகத்தில் தொடங்குவதில்லை. வீட்டுப் பேச்சில்தான் தொடங்குகிறது.

கி.ரா. காட்டிய வழி

இதற்குப் பெரிய சாட்சி எழுத்தாளர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்தவர். அந்தப் பகுதி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பள்ளிப்படிப்பைத் தாண்டாத அவர், கிராமத்து மக்கள் வாய்வழியாகச் சொன்ன கதைகளைத் தேடித் தொகுத்தார். பேச்சு வழக்கிலேயே எழுதினார். 1991-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

கதை சொல்லுங்க

ராத்திரி பத்து நிமிஷம் போதும். கதையை நடுவில் நிறுத்தி, "எலே மக்கா, அடுத்து என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். கதையை ஊகிக்கப் பழகிய பிள்ளை, புத்தகத்திலும் அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

பிள்ளை வாசிக்கட்டும், நீங்க கேளுங்க

பெரியவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்க ஆள் இருந்தாலே பிள்ளைக்கு உற்சாகம் வரும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு நிலைச் சிறு புத்தகங்கள் உள்ளன. ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும், பக்கத்தில் உள்ள கிளை நூலகத்துக்கும் கூட்டிப் போகலாம். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே தேர்வு செய்யட்டும்.

வெளியே போகும்போது அம்பை, பாபநாசம், தென்காசி என்று பஸ் போர்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

எழுத ஒரு காரணம் கொடுங்க

'பத்து தடவை எழுது' என்ற தண்டனை எழுத்தின் மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும். அதற்குப் பதில் வீட்டுக்குத் தேவையானதை எழுதச் சொல்லலாம்:

- பலசரக்குக் கடைக்கான சீட்டு
- ஆச்சி சொல்லச் சொல்ல, சொதி வைக்கும் முறை
- 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது வீட்டார் பார்த்தது, பட்டது

பிழை வந்தால்?

பிள்ளை 'வந்தது' என்பதை 'வந்துச்சு' என்று எழுதலாம். ல, ள, ழ குழப்பமும் வரும். முதலில் என்ன சொல்ல வருகிறது என்று கேளுங்கள். பாராட்டிவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிழைகளை மட்டும் திருத்தினால் போதும். எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்தால், மறுநாள் நோட்டைத் திறக்கவே பிள்ளை யோசிக்கும்.

எப்போது கவனம் தேவை?

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி', 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என அரசு திட்டங்களைத் தொடங்கியது. 8 வயதுக்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கிடைக்க வேண்டும் என்பதே 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் இலக்கு. மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டவே பிள்ளை திணறினால் 'மக்கு' என்று திட்ட வேண்டாம். பார்வைக் குறைவோ கற்றல் குறைபாடோ காரணமாக இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், கண் பரிசோதனையும் செய்யுங்கள்.